பத்து வந்தால் போதும்

மூன்றாவது கோட்டைப் போடலாமா வேண்டாமா என்று பென்சிலும் கையுமாகக் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள் சுகுணா. தினசரி காலண்டர், வெள்ளிக்கிழமைத் தாள். தேதிக்குப் பக்கத்து வெள்ளை இடத்தில் காலையிலிருந்து இரண்டு கோடுதான் விழுந்திருந்தது. எட்டு மணிக்கு இட்லி தின்றுவிட்டு எண்ண ஆரம்பித்தது, மணி இப்போது பத்து நாற்பது. சற்று முன்னால் வயிற்றில் வலப்பக்கமாக என்னவோ லேசாக ஓடினது வாஸ்தவம். பாப்பாவா, வாயுவா? பாப்பா என்றால் ஒரு கோடு, வாயு என்றால் கோடு கிடையாது, அவ்வளவுதானே, இதற்கு ஏன் இத்தனை யோசனை என்று தன்னையே கடிந்துகொண்டாள். யோசிக்காமல் என்ன செய்வது? ஒன்பது வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று நாளெல்லாம் பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்த்த கை. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்று சொல்கிறவளுக்குச் செக்கிங்கில் என்ன வேலை? அப்படியிருந்தும் கை என்னவோ கோட்டைப் போட்டுவிட்டது. போட்டதும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. சரி, மூன்று ஆயிற்று, இன்னும் ஏழு. சாயங்காலத்துக்குள் எப்படியும் வந்துவிடும். நேற்றும் வந்ததே. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னதும் அதுதான், தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு எண்ணு, பத்து வரணும். பத்து வந்தால் போதும். அதற்குப் பின்னாலும் அந்த அம்மா என்னவோ சொன்னாள். வரிசையில் இருபது வயிறு நின்றுகொண்டிருந்தது, மின்விசிறி கடகடத்தது, பின்னால் நின்றவள் இடித்தாள், சுகுணாவின் காதில் விழுந்தது பத்து மட்டும்தான். எண்ணிக்கை என்றால் அவளுக்கு உடனே மண்டையில் ஏறிவிடும். அது எட்டாவது மாசக் கடைசி. இப்போது ஒன்பது நடக்கிறது, பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் என்று தேதி குறித்திருக்கிறார்கள், திங்கட்கிழமை ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. நடுவில் இருப்பது மூன்றே நாள்தான்.

"நின்னுட்டே இருக்காத அம்மிணி, காலுக்கு நீர் எறங்கிக்கும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அம்மா மரகதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தாய்வீடு என்றால் பெரிய வீடு ஒன்றுமில்லை, வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். பக்கத்து வீட்டில் பட்டன் ஓட்டை தைக்கிற காஜா மெஷின் ஓடினால் இங்கே கட்டில் அதிரும். சுகுணா கட்டிலில் போய் உட்கார்ந்து, "இன்னிக்குக் கம்மியா இருக்குதும்மா" என்றாள். "என்ன கம்மி?" "அசைவு." மரகதம் வெங்காயமும் கத்தியுமாக வாசலில் வந்து நின்று மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "மாசம் நெறைஞ்சா அப்பிடித்தான் கண்ணு. உள்ள எடம் பத்தாது, அது எங்க போயி ஆடும்? நீயும் கடசி மாசம் கல்லாட்டந்தான் கெடந்த." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். இடம் பத்தாது. எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் போனில் சொன்னார்கள், புருஷன் தண்டபாணிகூடப் பெரிய அனுபவஸ்தன் மாதிரி, "எடம் இருக்காதுல்ல" என்றான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய பாப்பா, சின்ன வயிறு. ஆனால் இதே அறையில் அப்பா இருந்த காலத்தில் ஐந்து பேர் படுத்தோமே, அப்போது யாராவது புரளாமல் இருந்தோமா? தம்பி மூஞ்சியில் உதைப்பான், இவள் அவன் தொடையில் கிள்ளுவாள், அப்பா அங்கிருந்து அதட்டுவார், ராத்திரி பூரா இடியும் மிதியும்தான். இடம் இல்லாத இடத்தில் இடிதான் அதிகமாக விழும். சும்மா கிடப்பவன் எவன்? காய்ச்சலில் கிடப்பவன்தான் சும்மா கிடப்பான். சீ, நல்ல நாளும் அதுவுமாக என்ன புத்தி இது என்று வாயை அலம்புகிற மாதிரி எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

மரகதம் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், இதைக் குடித்தால் துள்ளும் பார் என்று. குடித்தாள். இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, வலது கையை வயிற்றின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். வா கண்ணு. அம்மா படுத்துட்டேன், இனி உன்ற ஆட்டத்தக் காட்டு. காஜா மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. கட்டில் அதிர்ந்து நின்றது. அதையும் அசைவு என்று எண்ணிவிடப் போகிறோமோ என்று விரல்களை இன்னும் அழுத்தினாள். உள்ளே இருக்கிற ஆளின் நடைமுறை இவளுக்கு அத்துப்படி. ஐந்தாம் மாசக் கடைசியில் மீன் வால் தட்டின மாதிரி ஆரம்பித்தது. ஏழில் முழங்கையா முட்டியா என்று தெரியாத ஒன்று தொப்புளுக்கு மேலே ஒரு மேடாக எழும்பி, இவள் விரலால் தொட்டதும் வெடுக்கென்று உள்ளே போய்விடும். அப்புறம் அது ஷிப்ட் பார்க்க ஆரம்பித்துவிட்டது. காலையில் டீ உள்ளே போனதும் வலது விலாவுக்குக் கீழே இரண்டு உதை. உதை என்றால் சாதாரண உதையா, டீ டம்ளர் கையிலிருந்து தளும்பும். இட்லிக்கு மேல் ஒரு புரளல், வலத்திலிருந்து இடத்துக்கு, வீடு மாற்றுகிறவர்கள் பீரோவை நகர்த்துகிற மாதிரி மெதுவாக. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் நாலரைக்கு விக்கல், டிக் டிக் என்று ஒரே இடத்தில். தண்டபாணி ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் குரலுக்கு ஒரு குதி, அதில் அவனுக்கு ஒரே பெருமை. இப்போது அந்த விலா உதை எங்கே? சுகுணா கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். இன்று காலை டீ குடித்தபோது இருந்ததா? இல்லை. நேற்று? நேற்று என்னவோ உரசினது. அதற்கு முந்தின நாள்? எத்தனை யோசித்தும் பிடி கிடைக்கவில்லை. தினமும் சோறு தின்கிறோம், போன செவ்வாய்க்கிழமை என்ன குழம்பு என்று கேட்டால் முழிக்கத்தானே செய்வோம். வா சாமி, ஒரே ஒரு தடவை அந்த எடத்துல ஒதச்சுட்டு அப்பறம் தூங்கிக்கோ, நான் தொந்தரவே பண்ண மாட்டேன். சர்க்கரைத் தண்ணி குடித்துக் கால் மணி ஆயிற்று. இவள் காதுக்குள் இவள் நாடியே துடித்தது. அடிவயிற்றில் தூசு படிந்த மாதிரி என்னவோ ஒன்று நகர்ந்து அடங்கியது. இதற்கு எழுந்துபோய் நாலாவது கோடு போடலாம். போட்டால் நாலு. போடாமல் படுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன? போகலாம்தான். ஆனால் பத்து நாளைக்கு முன்னால் ஒரு தடவை வலி என்று ஆட்டோ பிடித்து ஓடினபோது, சோதித்துப் பார்த்து வாயு என்று சொன்னதும், அங்கிருந்த ஆயா வாய்விட்டுச் சிரித்தாளே, "வாயுக்கெல்லாம் ஆட்டோ புடிச்சு வந்தா எப்பிடிம்மா, வலி வர்றப்ப ஏரோப்ளேன்லயா வருவ?" என்று. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மரகதமும்தான் சிரித்தாள். சுகுணாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கம்பெனியில் அவள் எடுத்துக்காட்டின குறையைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை. சூப்பர்வைசரே வாங்கிப் பார்த்துவிட்டு, "சுகுணா சொன்னா இருக்கும்ப்பா" என்பார். அப்படி இருந்தவளுக்கு வாயு என்று பெயர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முடிவு பண்ணிக்கொண்டாள், இனிமேல் கணக்காகக் கையில் ஏதாவது இல்லாமல் அங்கே போய் நிற்பதில்லை என்று. அந்தக் கணக்குதான் இந்தப் பத்து. பத்து வராவிட்டால் போகலாம், கேட்கிறவர்களிடம் வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் பத்து வந்துகொண்டே இருக்கிறதே, என்ன செய்ய? தினமும் வருகிறது. அது வரும்வரைக்கும் காத்திருந்து, வந்ததும் அப்பாடா என்று பென்சிலைக் கீழே வைக்கிறாள்.

மரகதம் மறுபடி வந்தாள். மகள் முகம் சரியில்லை என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்துவந்து நீட்டினாள். "இந்தா, வயித்துல தடவிக்கோ. வெசனப்படாத. வேணும்னா ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வரலாம். இப்ப ராவுகாலம், பத்தரைக்கே ஆரம்பிச்சுருச்சு. பன்னண்டு ஆவட்டும். பன்னண்டுக்கு மேல ஒரு வாய் சாப்புட்டு, வெயிலு தாழக் கெளம்பலாம்." ராகு காலம் போனால் சாப்பாடு, சாப்பாடு போனால் வெயில், வெயில் போனால் ஆஸ்பத்திரியில் கூட்டம் என்பாள், அப்புறம் சனிக்கிழமை ஆகிவிடும். சுகுணா பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். பழைய காலண்டர் தாள். மரகதம் காலையில் கிழிக்கிற தாளை வீணாக்க மாட்டாள், காலண்டருக்குப் பின்னால் ஆணியில் செருகிவைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டலம் மடிப்பாள். விபூதியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் பென்சில் கோடுகள். பத்து. எல்லாம் ஒரே மாதிரி, தாளில் பள்ளம் விழுகிற மாதிரி அழுத்திப் போட்ட கோடுகள். பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே எட்டு ஐம்பது என்று நேரம். தேதியைப் பார்த்தாள். சரியாக மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்கு ஆரம்பித்து எட்டு ஐம்பதுக்குப் பத்து. ஐம்பது நிமிஷம்! சுகுணா எழுந்தாள். எழுந்த வேகத்தில் மரகதம் ஒதுங்கி நின்றாள். ஆணியில் மிச்சம் செருகியிருந்த தாள்களை உருவிக் கட்டிலில் பரப்பினாள். நேற்று வியாழன், பத்து வந்தது சாயங்காலம் ஆறு இருபது. புதன், நாலரை. செவ்வாய், மூன்று. திங்கள், ஒன்று ஐம்பது. அதற்கு முன் ஞாயிறு, பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு மணி, இரண்டு மணி தள்ளித் தள்ளிப் போயிருக்கிறது. நேரம் எழுதினது அவள்தான், கையெழுத்து அவளுடையதுதான். அன்றன்றைக்கு முந்தின நாளோடு பார்த்து, சித்த நேரம் தள்ளியிருக்குது, அவ்வளவுதானே என்று எழுதி முடித்திருக்கிறாள். விபூதித் தாளை எடுத்து வியாழக்கிழமைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஐயோ, இதே தப்பு. இதே தப்பை ஒரு தடவை செய்திருக்கிறாளே! கம்பெனியில் அந்தச் சிவப்பு ஆர்டர். நாலு வருஷம் இருக்கும். துணியில் சாயம் ஒரே சீராக ஏறவில்லை, ரோலுக்கு ரோல் மயிரிழை மயிரிழையாக வெளுத்துக்கொண்டே வந்திருக்கிறது. சுகுணா மேஜையில் இருந்தாள். கையில் இருக்கிற பீஸை இதற்கு முன்னால் பார்த்த பீஸோடு வைத்துப் பார்ப்பாள். ஒன்றாகத்தான் இருக்கும். அடுத்ததை இதனோடு வைப்பாள். அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும். பாஸ், பாஸ், பாஸ் என்று நாள் பூரா போட்டாள். அளவு சரி, தையல் சரி, ஓட்டை இல்லை, எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை. கடைசியில் வெளியிலிருந்து பார்க்க வந்த ஆள் முதல் பெட்டியிலிருந்து ஒரு பீஸும் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பீஸும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒன்று மிளகாய்ப் பழம், இன்னொன்று வெளுத்த செங்கல். அத்தனை பேர் முன்னாலும் சுகுணா அந்த இரண்டு பீஸையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷேடு மாறினதைப் பார்க்காத குருடியா நீ என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. சூப்பர்வைசர் மட்டும் சாவதானமாகச் சொன்னார், பக்கத்து பீஸோட வெச்சுப் பாத்தா ஷேடு எப்பவும் தெரியாது சுகுணா, ஒப்புதல் வாங்கின மொதல் பீஸ் இருக்குதுல்ல, அத மாட்டி வெச்சு அதோட பாக்கோணும். அன்றிலிருந்து மேஜைக்கு மேலே மொதல் பீஸைத் தொங்கவிடாமல் அவள் வேலையைத் தொட்டதில்லை. துணிக்குத் தெரிந்த புத்தி வயிற்றுக்கு எங்கே போச்சு? இன்னொன்றும் இருந்தது, அது இதைவிட மோசம். சரக்கு ஏற்ற லாரி வந்து வாசலில் நிற்கிற நாளில் செக்கிங் பெண்களின் கண் தாராளமாகிவிடும். மற்ற நாளில் தள்ளுகிற பீஸை அன்றைக்குப் பரவாயில்லை என்று விடும். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தக் கை உரசலுக்குக் கோடு போட்டதா? போடவில்லை. உதைக்குத்தான் போட்டது. இன்று போட்டிருக்கிற மூன்றில் நிஜமாகப் பாப்பா என்று சத்தியம் பண்ணக்கூடியது ஒன்று. நேற்றைய பத்தில்? நாலு இருக்கலாம். பத்து வரணும் என்பதற்காக இவளே பத்தை வரவழைத்திருக்கிறாள். பாப்பா ஒரு வாரமாக உள்ளே இருந்து என்னால முடியலைம்மா என்று சொல்லிக்கொண்டு இருக்கிறது, அம்மாக்காரி பென்சிலை நக்கி நக்கிக் கோடு போட்டுக்கொண்டு நிற்கிறாள். தூ. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நேரமாகும் என்று அழவில்லை. அந்த நர்ஸம்மா கடைசியில் சொன்னது இப்போதுதான், இத்தனை நாள் கழித்து, வரி பிசகாமல் காதில் விழுந்தது. "எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்காத. உம் புள்ள எப்பவும் போல இல்லைன்னு உனக்குப் பட்டா, அன்னிக்கே வந்துரு." சிரிக்கட்டும். இன்றைக்கும் வாயுதான் என்று சொல்லட்டும். ஆஸ்பத்திரி பூராவும் கைகொட்டிச் சிரிக்கட்டும். சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உயிரோடு திரும்பி வரலாம்.

மணி பதினொன்று ஐந்து. ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து, மருத்துவ அட்டையை உள்ளே போட்டு, செருப்பில் காலை நுழைத்தாள். மரகதம் வாசல்படியில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"நட்டநடு ராவுகாலத்துல வயித்துப் புள்ளையோட படி தாண்டுவியா நீ? இன்னும் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"பிடிவாதம் புடிக்காத அம்மிணி. நாலு பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"நீ என்னையப் பெத்த. இத நீ பெக்கலையேம்மா. இதப் பத்தி எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது." பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பன்னண்டு மணிக்கு நல்ல நேரம் வரும். அப்ப பாப்பா இருக்குமான்னு நீ சொல்லு, நான் உக்காந்துக்கறேன்."

மரகதத்துக்கு முகம் வெளிறிவிட்டது. நாலு பெத்தவள்தான், மூன்றுதான் கையில் நின்றது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதை யாரும் அந்த வீட்டில் பேசுவதில்லை. சுகுணா அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. அம்மா என்று கையை நீட்டினாள். மரகதம் அந்தக் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மகளை ஒதுக்கிவிட்டு முதலில் தானே படியிறங்கினாள். "நான் முன்னால போறேன். என்ன கெரகம் வந்தாலும் எம்மேல வரட்டும். நீ பின்னால வா."

ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் சுகுணா வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். குலுங்கலில் எது அசைகிறது என்று தெரியாமல் போயிற்று. இதுவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்த காது இப்போது செவிடான மாதிரி ஒரு தவிப்பு. கம்பெனிகளுக்குத் துணி ரோல் ஏற்றிப் போகிற டெம்போ ஒன்று முன்னால் மறித்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடிங்கண்ணா என்று கத்தினாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "வலிங்களாக்கா?" என்றான். வலி இல்லைங்க என்றாள். வலி இல்லை என்பதுதான் எவ்வளவு கஷ்டம். வலித்தால் கத்தலாம், கத்தினால் வழி விடுவார்கள். ஒன்றுமே ஆகாமல் இருப்பதை என்ன சொல்லிக் கத்துவது? ரத்தம் இல்லை, தண்ணீர் உடையவில்லை, காய்ச்சல் இல்லை. சத்தமில்லாமல் ஒருத்தர் கைவிட்டுப் போவதைப் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் விடுகிறோமே. தண்டபாணிக்குப் போன் பண்ணினாள். கட்டிங் மெஷின் சத்தத்தில் அவன், "திங்கக்கெழமதான வரச் சொன்னாங்க?" என்றான். "திங்கக்கெழம வரைக்கும் நான் பொறுக்க மாட்டேன். நீங்க வந்துருங்க" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. வந்துட்டே இருக்கறேன் என்று வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வாசல் மேஜையில் இருந்த நர்ஸ் எழுதிக்கொண்டே கேட்டாள். "வலி இருக்கா?" இல்லைங்க. "தண்ணி போச்சா?" இல்லைங்க. "ரத்தம் பட்டுச்சா?" இல்லைங்க. பேனா நின்றது. "பின்ன எதுக்கும்மா வந்தீங்க?" பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்த ஆயா துடைப்பத்தோடு தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று சுகுணா ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டாள். "என்ற பாப்பா எப்பவும் போல இல்லைங்க. மூணு வாரத்துக்கு முன்னால ஐம்பது நிமிஷத்துல பத்துத் தடவ அசைஞ்சது. நேத்து பத்து மணி நேரம் ஆச்சு. இன்னிக்குக் காலையிலருந்து ஒண்ணோ ரெண்டோ. ஒதை இல்லீங்க, ஒரசறது மட்டுந்தான். வெலாவுல ஒதைக்கறது நின்னே போச்சு." மூச்சு வாங்கியது. மரகதம் இடையில் நுழைந்து, "எடம் பத்தாமத்தானுங்களே கொறையும்?" என்றாள், ஆமாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற ஆசையில். நர்ஸ் எழுந்துவிட்டாள். "எடம் இல்லைன்னு எந்தக் குழந்தையும் சும்மா இருக்காதும்மா. கடைசி நாள் வரைக்கும் அசையணும். உள்ள வாங்க." அந்த ஆயாதான் ஓடிவந்து சுகுணாவின் கையைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினாள். அவள் சிரிக்கவில்லை.

வயிற்றில் இரண்டு பட்டை கட்டி ஒரு மெஷினோடு சேர்த்தார்கள். குழாயில் தண்ணீர் வேகமாகப் போகிற மாதிரி டபடபடப என்று ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மரகதம் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். "பாத்தியா, துடிக்குது! ஒண்ணுமில்ல, வா கண்ணு, போலாம்." சுகுணாவுக்கும் உடம்பெல்லாம் இளகி, எழுந்துவிடலாம் போலத்தான் இருந்தது. எழவில்லை. துடிப்பு இருக்கிறதா என்று கேட்க அவள் வரவில்லையே. நர்ஸ் ஒரு சின்ன பொத்தானை அவள் கையில் கொடுத்தாள். அசையறப்பல்லாம் இத அழுத்துங்க, பேப்பர்ல குறி விழும் என்றாள். பேப்பர் மெஷினிலிருந்து மெள்ள மெள்ள வெளியே வந்துகொண்டிருந்தது, அதில் பாப்பாவின் துடிப்பு ஒரு கோடாக. கட்டை விரல் பொத்தான்மேல். வாயு ஓடியது. அழுத்தவில்லை. நாடி துடித்தது. அழுத்தவில்லை. "இப்ப அசைஞ்சுதே, அழுத்து" என்றாள் மரகதம். "இல்லம்மா." அழுத்தினால் இவர்கள் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும், இவளுக்கும் வரும், வீட்டுக்குப் போகலாம். விரல் வியர்த்து வழுக்கியது. விரலே, நீ மட்டும் இன்னைக்குப் பொய் சொன்னா உன்ன வெட்டிப்போட்டுருவேன். இருபது நிமிஷம். அரை மணி. நர்ஸ் வயிற்றை மெதுவாக அசைத்துப் பார்த்தாள், பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள். பேப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குழந்தை அசைஞ்சா துடிப்பு கூடிக் கோடு மேல ஏறணும்மா, இது தரையோட தரையாப் போகுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி சொல்லிவிட்டு, பேப்பரைக் கிழித்துக்கொண்டு போனாள். நடந்துதான் போனாள், ஆனால் அந்த நடையைப் பார்த்ததும் சுகுணாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா வந்தார். ஸ்கேன் வைத்துப் பார்த்தார். தண்ணி ரொம்பக் குறைஞ்சிருக்கு, வளர்ச்சியும் தேங்கியிருக்கு, நஞ்சுக்கொடியிலருந்து போறது பத்தல, அதான் குழந்தை அசையாம, இருக்கற தெம்பச் சேத்து வெச்சுக்குது, இனி உள்ள விட வேண்டாம், இப்பவே வெளிய எடுத்துரலாம் என்றார். சேத்து வெச்சுக்குது. இத்துனூண்டு உடம்புக்குள் இத்தனை கெட்டிக்காரத்தனமா? சுகுணா கையெழுத்துப் போட்டாள். எடுத்தா நல்லா இருக்குமுங்களா என்று மரகதம் கேட்டாள். பாக்கலாம்மா என்றார் டாக்டர். சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தண்டபாணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கையில் பஞ்சும் நூலும் ஒட்டியிருந்தது. ஏதோ சொன்னான். அவன் குரலுக்கு உள்ளே குதிக்கிறதா என்று வயிற்றைக் கேட்டாள். குதிக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டார்கள். கால் கனத்தது, தொடை கனத்தது, பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஆளே இல்லை. இத்தனை மாசமாகத் தூக்கத்தில்கூட விடாமல் உள்ளே காது வைத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போது உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. உரசல் இல்லை, வாயு இல்லை, எதுவுமே இல்லை. இதைவிட அந்தத் தூசு மாதிரி உரசல் எவ்வளவோ தேவலையே என்று பதறினாள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அப்பால் பாத்திரம் கழுவுகிற வீட்டில் கேட்கிற மாதிரி இரும்புச் சத்தமும், டாக்டரம்மா தணிந்த குரலில் எதையோ கேட்பதும் கேட்டது. யாரோ அவளை உலுக்குகிற மாதிரி உடம்பு ஆடியது, வலியில்லாமல். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. சுகுணா மூச்சை விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ அறையில் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள், அங்கே யாரோ, வந்துருச்சு வந்துருச்சு என்றார்கள். இங்கே ஒன்றுமில்லை. நேரம் போயிற்று. எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை, இந்த ஒன்றை அவள் எண்ணவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு சத்தம், கதவுக் கீல் உராய்கிற மாதிரி, மெலிசாக. நின்றது. மறுபடி வந்தது. கோபமாக, விட்டு விட்டு, உடனே பெரிசாக. சுகுணாவுக்கு நம்பத் தைரியம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்றால்? தலையைத் தூக்க முடியவில்லை, பச்சைத் துணியைப் பார்த்தே கேட்டாள்.

"டாக்டர், அழுவறது என்ற பாப்பாவுங்களா?"

"பின்ன?" என்றார் டாக்டரம்மா. "இந்த ரூம்ல வேற யாரும்மா பெத்தா?"